மைனி அனுப்பிய திருத்தம்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பச் சைக்கிளை எடுப்பதற்கு முன் மின்னஞ்சலைத் திறந்தேன். மலேசியாவில் ஈப்போவிலிருந்து ராஜேஸ்வரி என்றொரு அம்மாள் எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர். "அன்புள்ள கோமதி அக்காவுக்கு" என்று தொடங்கியது கடிதம்.

நான் கோமதி இல்லை. என் பெயர் பரமசிவன். கோமதி என் மைனி, அதாவது என் அண்ணன் மந்திரத்தின் மனைவி. ஏரலில் இருக்கிறார். நான் நெதர்லாந்தில், நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்காத ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். கடிதம் அவருக்குப் போயிருக்க வேண்டியது. விலாசம் என்னுடையது என்பதால் எனக்கு வந்துவிட்டது.

ராஜேஸ்வரியின் தாயார் ஏரல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியா போனவர். ஊரில் அவருக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையைப் பற்றி எப்போது பேசினாலும் 'குட்டிப்பாப்பா' என்றுதான் சொல்வாராம். உண்மைப் பெயரைச் சொல்லாமலே அம்மா போய்விட்டார். கடிதம் எழுதுவதற்கு முந்தின வாரம் ராஜேஸ்வரி ஒரு மென்பொருளில் 'குட்டிப்பாப்பா' என்று தேடியிருக்கிறார். ஒரே ஒரு ஆள் வந்தது. பேச்சியம்மாள், எழுபத்தொன்பது வயது, ஏரலுக்குப் பக்கத்து ஊர்.

"நேற்று சித்தியோடு போனில் பேசினேன். பேசினோம் என்பதைவிட அழுதோம் என்பதுதான் சரி. இந்த வசதியைச் செய்த உங்கள் கைகளுக்கு நூறு முத்தம்" என்று கடிதம் முடிந்தது.

மூன்று முறை வாசித்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அந்த மென்பொருளுக்கான நிரலை மூன்று குளிர்காலம் உட்கார்ந்து எழுதியவன் நான். நூறு முத்தத்தில் ஒன்றுகூட எனக்கு இல்லை.

கடிதத்தை மைனிக்கு அனுப்பவில்லை. மூடிவிட்டு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்றால், இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில்.

வந்த முதல் வாரம் பதிவு செய்யப் போனேன். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்ததைப் பார்த்து அந்தக் கட்டத்தில் அதைப் போட்டுவிட்டார் அங்கிருந்த பெண். அன்றிலிருந்து இங்கே நான் 'திரு. சுடலைமுத்து'. என் மகள் பள்ளிக்கூடத்தில் 'கயல் சுடலைமுத்து'.

என் அப்பா அடுத்தவர் வாழைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் 'திரு' போட்டுக் கூப்பிட்டதில்லை. 'ஏலே சுடலை', அவ்வளவுதான். இங்கே டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் யாராவது வந்து "திரு. சுடலைமுத்து" என்று கூப்பிடும்போதெல்லாம், அவருக்கு வந்த மரியாதைக்கு நான் எழுந்து நிற்கிறேன்.

வம்ச வரலாற்றை எழுதி வைக்க ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. யாருக்கு யார் பிள்ளை, யாரை யார் கட்டினார் என்று கொடுத்தால் படமாக வரைந்து காட்டும். அதை ஒருநாள் இறக்கிப் போட்டு என் ஆட்களை ஏற்றினேன். நகராட்சிக்காரி கேட்ட அதே கேள்வியை அதுவும் கேட்டது. அப்பாவும் மகனும் வேறு வேறு குடும்பப் பெயர், ஏதோ தவறு என்று சிவப்பாகக் காட்டியது.

அந்த மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல்களை யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம். பிளகின் என்பார்கள். என் வேலையே நிரல் எழுதுவதுதான் என்பதால் முதலில் அந்தச் சிவப்பை எடுக்க ஒன்று எழுதினேன். பிறகு ஆசை பெருத்துவிட்டது.

இவர்கள் மொழியில் சித்தப்பா மகன், மாமா மகன், அக்கா மகன் எல்லோருக்கும் 'நேஃப்' என்று ஒரே சொல். என் சித்தப்பா மகன் ஒருமுறை இங்கே வந்தபோது, "என் நேஃப் வருகிறார்" என்று அலுவலகத்தில் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் அம்மையார் அன்போடு ஒரு பொம்மை லாரி வாங்கி வந்து கொடுத்தார். வந்தவனுக்கு நாற்பத்திரண்டு வயது. லாரியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

அதற்குப் பிறகுதான் உறவுமுறை நிரலை எழுத உட்கார்ந்தேன். இருவரைத் தொட்டால் ஒருவருக்கு ஒருவர் என்ன முறை என்று தமிழில் சொல்ல வேண்டும். பெரியப்பா, சித்தி, அத்தான், மைனி, கொழுந்தியாள், சகலை என்று ஒன்று விடாமல் விதி எழுதினேன். எண்ணூறு வரி. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அதற்கே போனது. என் மனைவி சாந்தி ஒருநாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவ்வளவு சொந்தத்தையும் எழுதுதிய. ஒருத்தருக்காவது போன் பண்ணுதியளா?" என்று கேட்டாள். நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

3

முடித்ததும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பதினொரு கட்டைவிரல்கள் வந்தன. அடுத்தது லிங்கம் மாமாவின் குரல் பதிவு.

"ஏலே பரமா, உன் கம்ப்யூட்டரு என்னைய அத்தான்னு சொல்லுதுலே. நான் உனக்குத் தாய்மாமம்லா? உனக்குக் காது குத்தும்போது என் மடியிலதாம்லே உக்காந்திருந்த."

என் அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியவர். எனவே லிங்கம் மாமா எனக்கு அம்மாவின் தம்பி; அப்பாவின் அக்கா மகனும் அவர்தான். தகப்பன் வழியை முதலில் பார்க்கும்படி நான் விதி எழுதியிருந்ததால் நிரல் அவரை அத்தானாக்கிவிட்டது. விதிப்படி இரண்டும் சரி என்று அவருக்கு நீளமாக ஒரு விளக்கம் அனுப்பினேன். "என்னத்த விதி, போலே" என்று பதில் வந்தது.

அந்தக் குழுவில் கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள். கோமதி மைனி.

"தம்பி, இது எப்பிடி ஓடுது? உள்ள இருக்கத நான் பாக்கலாமா?"

மைனி சாத்தான்குளத்துக்காரர். ஏரல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பார். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் எல்லாம். வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் விசாரித்து, கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் யாருக்கு யார் பிள்ளை என்று கொடிவழி வரைந்துகொண்ட பிறகுதான் படிவத்தைத் தொடுவார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

நிரல் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். புரியாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விட்டுவிடுவார் என்பது எனக்கு இதமாகவும் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு திருத்தம் வந்தது. நாற்பது வரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார்: 'நீங்க இவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?' யார் என்ன பதில் கொடுத்தாலும் அதையே காட்டும். பதில் இல்லாவிட்டால் மட்டும் என் விதிக்குப் போகும். கூப்பிடும் பெயரை வைத்துத் தேடவும் செய்யலாம். உண்மைப் பெயர் தெரியாத ஆளைக்கூடச் சேர்க்கலாம். என் நிரல் பெயர் இல்லாத ஆளை உள்ளேயே விடாது.

எப்படித் தோன்றியது என்று போனில் கேட்டேன்.

"கடைக்கு வாரவங்ககிட்ட அப்பிடித்தான தம்பி கேப்பேன். ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. ரெண்டும் அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. எப்பிடிக் கூப்பிடுவியன்னு கேட்டா டக்குனு சொல்லிருவாவ."

நான் எண்ணூறு வரியில் கணக்கிட்டதை அவர் ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டார். முதல் தடவை வாசித்தபோதே அது சரி என்று தெரிந்துவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை.

என் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர் மைனி. என் ஆட்களை என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அம்மா இறந்தபோது நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது மைனிதான். அதில் எனக்கு நன்றி உண்டு. நன்றிக்கு அடியில் வேறொன்றும் உண்டு என்று இந்தத் திருத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது.

4

அதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. நிரல் தவறும்போதெல்லாம் ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தி மைனிக்குப் புரியவில்லை. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கயலிடம் கேட்டிருக்கிறார். கயலுக்குப் பதினேழு வயது. பள்ளியில் நிரல் எழுதப் படிக்கிறாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இவள் கூப்பிடுவாள். அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பாதி சாத்தியிருக்கும் நேரம்.

கயல் என்னிடம் டச்சில்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்து இப்படித்தான். தமிழ் வகுப்பில் சேர்த்துப் பார்த்தேன், ஐந்து வாரத்தில் நின்றுவிட்டாள். சொந்தக்காரர்களின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்குகையில் அவள் அறையிலிருந்து சத்தம் கேட்டது.

"பெரியம்மா, அங்கன ஒரு புள்ளி விட்டுப்போச்சுல்லா? பைய பாருங்க. அதுக்குக் கீழ."

"அட ஆமா! கண்ணு மங்கிட்டு போல எனக்கு. கெட்டிக்காரி நீ."

படியிலேயே நின்றுவிட்டேன். 'அங்கன'. 'பைய'. நான் இருபது வருடமாக வெளியே பேசாமல் வாய்க்குள் வைத்திருக்கும் சொற்கள் அவை. அவற்றை என் மகளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டும். வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருவரும் சிரித்தார்கள். துணிக்கூடையோடு சத்தமில்லாமல் இறங்கிப் போனேன்.

அந்த நிரல் இருக்கும் பக்கத்துக்குப் பொறுப்பாளன் நான். யார் திருத்தம் அனுப்பினாலும் நான் ஒப்புதல் கொடுத்தால்தான் சேரும். மைனியின் திருத்தத்தை மூன்று வாரம் தொடாமல் வைத்திருந்தேன். அன்று மதியம் திறந்து, 'சோதனையில் தவறுகிறது. சேர்க்க இயலாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

சோதனையை நான் ஓட்டவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "சரி தம்பி. பாக்குதேன்."

அதன்பின் மைனி என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. திருத்தம் சேர்ந்த தன்னுடைய பிரதியைக் கடையில் பயன்படுத்தத் தொடங்கினார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார். சம்மதித்த குடும்பங்களின் கொடிவழியை எல்லோரும் தேடும்படி ஒரு பொதுப் பக்கத்தில் ஏற்றினார். அதில் செய்தவர்கள் என்று முதலில் தன் பெயரையும் அடுத்து என் பெயரையும், தொடர்புக்கு என் மின்னஞ்சல் விலாசத்தையும் போட்டிருந்தார். அதனால்தான் ஈப்போக் கடிதம் என் பெட்டியில் வந்து விழுந்தது.

5

கடிதம் வந்து மூன்று நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் கயல் மடிக்கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். சாந்தி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பெரியம்மா அனுப்புனத நான் ஓட்டிப் பாத்தேன். நாலு தடவ. எல்லாமே சரியா வருது." தமிழில்தான் சொன்னாள். "நீங்க ஏன் பொய் சொன்னிய?"

'சொன்னிய' என்றாள், மைனியைப் போலவே. ஏழு வருடத்தில் மகள் என்னிடம் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது.

"பழைய பதிப்புல ஓட்டியிருப்பேன்" என்றேன்.

"பழைய பதிப்புலயும் ஓட்டிட்டேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

வேறு வழியில்லை. "அவங்க செஞ்சது என்னோடத விட நல்லாருந்துது" என்றேன். "அது ஒண்ணு. நீ அவங்ககிட்ட மட்டும் தமிழ்ல பேசுத. அது இன்னொண்ணு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு கயல்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரையில் எங்கள் கொடிவழியைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் பேர்.

"இது எல்லாரும் உங்களுக்கு நெசமான ஆளு. உங்க மடியில, அவங்க மடியிலன்னு கத இருக்கு. நான் என் பேரத் தொட்டா, இவரு எனக்குத் தாத்தா முறை, இவ எனக்கு மைனி முறைன்னு உங்க நிரல் சொல்லுது. நான் யாரையுமே கூப்பிட்டது இல்ல. எனக்கும்தான் பொறாமையா இருந்துச்சு. நீங்க சொந்தக்காரங்க கத சொல்லும்போதெல்லாம்." நடுவில் சொல் கிடைக்காமல் டச்சுக்குப் போய்விட்டு, மறுபடி திரும்பி வந்தாள். "பெரியம்மா ஒருத்தரத்தான் நானே கூப்பிடுதேன். அதுலயும் உங்களுக்கு என்ன?"

நான் கதை சொன்னபோதெல்லாம் அவள் காதில் மாட்டிக்கொண்டது சலிப்பினால் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஈப்போக் கடிதத்தைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டு, "எப்ப வந்துச்சு?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி." கடிதத்தை அவளே மைனிக்கு அனுப்பினாள். நான் பொறுப்பாளர் பக்கத்தைத் திறந்து, திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தேன். ஒரு பொத்தான்தான். அதை அமுக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது.

6

மறுநாள் நானே மைனியைக் கூப்பிட்டேன். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரையோ, "ரெண்டு நிமிசம் இருங்க அண்ணாச்சி" என்று உட்கார வைத்தார்.

"மைனி, உங்க திருத்தத்துல தப்பே இல்ல. நான் பொய்தான் சொன்னேன்."

"தெரியும் தம்பி."

"கயல் சொன்னாளா?"

"அவ சொல்லல. மொத ஒரு வாரம் நான் தேடுனேன். எங்கன தப்பு எங்கன தப்புன்னு உக்காந்து தேடித் தேடி, சோறு பொங்குதது கூட மறந்து போச்சு. உங்க அண்ணன் ஏசினாவ. பொறவுதான் ஒறச்சுது. தப்பு இருந்தா நீங்க எத்தனாவது வரின்னு நம்பர் போட்டுல்லா சொல்லுவிய? அன்னைக்கு நம்பரே இல்ல."

"பொறவு ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா ஒரு நம்பரத் தேடிக் கண்டுபிடிச்சிருப்பிய. அதுக்குத்தான் விட்டுட்டேன்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா வருத்தம்தான் தம்பி" என்றார். குரல் மாறிவிட்டது. "படிச்சவரு சொல்லுதாரு, நமக்குத்தான் ஏதோ வெளங்கல போலன்னு அந்த ஒரு வாரம் நான் நெனச்சது இருக்கே. அத இனி யாருக்கும் செய்யாதிய."

"செய்ய மாட்டேன் மைனி."

"சரி. நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதுனதுல பதினோரு எடத்துல கோளாறு இருக்கு. ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கோவப்படுவியன்னு சொல்லாம இருந்தேன். இப்பம் அனுப்பட்டுமா?"

அனுப்பச் சொன்னேன். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நீல மையில் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொன்றுக்கும் வரி எண் போட்டிருந்தது. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கு முறை தவறுகிறது. தத்துக் கொடுத்த பிள்ளை இரண்டு வீட்டிலும் காணாமல் போகிறது. விதவையைக் கட்டியவரைக் கணவன் என்று எடுக்க மறுக்கிறது. ஒன்றும் சில்லறைக் குற்றம் இல்லை. எல்லாமே அவர் கடைக்கு யாரோ வந்து, இந்தப் படத்தில் எங்களைக் காணோமே என்று நின்ற இடங்கள்.

பக்கத்தின் பொறுப்பை அன்றே அவருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். இப்போது நான் எதை மாற்றினாலும் மைனி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேரும்.

போன சனிக்கிழமை பத்து மணிக்குக் கயலின் அறைக் கதவைத் தட்டினேன். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். திரையில் மைனி, பின்னால் பாதி சாத்திய கடை. மூன்று பேருமாக ஒவ்வொரு கோளாறாக எடுத்தோம். ஆறு முடிந்தது. ஏழாவதில் கயலுக்கும் எனக்கும் வாக்குவாதம். தத்துப் போன பிள்ளைக்குப் பெற்றவளும் அம்மாதான், வளர்த்தவளும் அம்மாதான், இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும் என்றாள் அவள். ஒன்று முழுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, அதுதான் வழக்கம் என்றேன் நான்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

"கயல் சொல்லுததுதான் சரி தம்பி. புள்ளிக்கோட்டக் கொண்டுபோய் எந்த அம்மாகிட்ட நான் காட்ட?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்து. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. புள்ளிக்கோட்டை அழித்துவிட்டு, எட்டாவதைத் திறந்தேன்.